பாறை மேல் ஒரு காவல்காரன்

கில்லாரி தந்த பாடம்

மகாராஷ்டிர மாநிலத்தில் லாத்தூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே கில்லாரி என்று ஓர் ஊர்.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி. விடியற்காலை நான்கு மணி ஆகவில்லை. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று பூமி குலுங்கியது. சில நொடிகள்தான். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள் சரிந்தன. கூரை மேல் போட்டிருந்த மண் தூங்கியவர்கள் மேல் விழுந்தது. கில்லாரியிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் பல ஆயிரம் பேர் இறந்து போனார்கள்.

"இந்தப் பக்கம் பெரிய பூகம்பம் வராது" என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் முந்தின ஆண்டே, 1992 அக்டோபரில், அங்கே சிறு அதிர்வுகள் வந்தன. மக்கள் அதை உணர்ந்தார்கள். அதிர்வு எந்த இடத்தில் பிறக்கிறது? எவ்வளவு ஆழத்தில் பிறக்கிறது? இதை நுட்பமாகச் சொல்ல வேண்டுமானால் பக்கத்திலேயே பல கருவிகள் இருக்க வேண்டும். அன்று கில்லாரியைச் சுற்றி அப்படி நெருக்கமாகக் கருவிகள் இல்லை.

நம் நாட்டில் பூகம்பத்தை அளக்கும் வேலை பழையது. 1897 ஜூன் 12-ஆம் தேதி வடகிழக்கில் ஷில்லாங் பகுதியில் மிகப் பெரிய பூகம்பம் வந்தது. அடுத்த ஆண்டே, 1898-இல், கொல்கத்தாவில் அலிப்பூரில் முதல் நிலையம் தொடங்கியது. கில்லாரிக்குப் பிறகு தென்னிந்தியப் பீடபூமியில் இருந்த நிலையங்கள் பலவற்றுக்குப் புதிய கருவிகள் வந்தன. இன்று டில்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையம் 150-க்கும் மேற்பட்ட நிலையங்களை இரவும் பகலும் கவனித்து வருகிறது.

ஆனால் ஒரு சிக்கல். பூமி அசையும் இடமெல்லாம் நகரத்துக்குப் பக்கத்திலா இருக்கிறது? மலை உச்சியில், காட்டுக்குள், கம்பி மின்சாரம் எட்டாத இடத்திலும் நிலையம் வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஆள் உட்கார்ந்து பார்க்க முடியாது. கருவி தனியாக இருந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? எவ்வளவு வேண்டும்? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

சைக்கிள் டைனமோவும் பூகம்பக் கருவியும்

சைக்கிள் டைனமோவைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும். உள்ளே காந்தம் சுற்றும். பக்கத்தில் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மின்சாரம் பிறக்கும். விளக்கு எரியும்.

பூகம்பத்தை உணரும் சாதாரணக் கருவியும் இப்படித்தான். ஒரு சிறிய பெட்டிக்குள் ஒரு காந்தம். அதன் நடுவே வில்கம்பியில் தொங்கும் ஒரு கம்பிச் சுருள். நிலம் அசைந்தால் பெட்டியும் காந்தமும் அசையும். தொங்கும் சுருள் உடனே அசையாது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசம் சிறு மின்சாரத்தை உண்டாக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அசைவைக்கூட நல்ல கருவி உணரும்.

மேலும் கீழும் ஓர் அசைவு. வடக்கும் தெற்கும் ஓர் அசைவு. கிழக்கும் மேற்கும் ஓர் அசைவு. இந்த மூன்றையும் கருவி தனித்தனியாக அளக்கும். ஒவ்வொன்றையும் நொடிக்கு 100 முறை எண்ணாகக் குறித்து வைக்கும். அப்படியானால் ஒரு நொடிக்கு 300 எண்கள். ஒரு நாளைக்கு 2 கோடியே 59 லட்சத்து 20 ஆயிரம் எண்கள்!

இடம் எவ்வளவு தூரம்?

பூகம்பம் வந்தால் நிலத்துக்குள் இரண்டு அலைகள் கிளம்பும். முதல் அலை வேகமானது. நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். இரண்டாம் அலை மெதுவானது. நொடிக்கு சுமார் மூன்றரை கிலோமீட்டர் ஓடும். ஆனால் பெரும்பாலும் முதல் அலையைவிட இரண்டாம் அலைதான் வீட்டை அதிகமாகக் குலுக்கும்.

மின்னல் முதலில் தெரிகிறது. இடி பிறகு கேட்கிறது. நடுவில் உள்ள நேரத்தை வைத்து மழை எவ்வளவு தூரத்தில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதுவும் அதே கணக்குதான். இரண்டு அலைகளுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பாருங்கள். அதை 8-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் பூகம்பம் பிறந்திருக்கிறது.

5 நொடி இடைவெளி என்றால், 5 × 8 = 40 கிலோமீட்டர்.

ஆனால் எந்தத் திசையில்? ஒரு நிலையத்தை மட்டும் வைத்து இதை உறுதியாகச் சொல்வது கடினம். மூன்று நிலையங்கள் இருந்தால் மூன்று வட்டங்கள் வரையலாம். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் பூகம்பம் பிறந்தது. அந்த மூன்றில் ஒன்று பேட்டரி தீர்ந்து நின்றுபோயிருந்தால்? இடத்தைச் சரியாகக் குறிக்க முடியாமல் போகும். ஆகவே நிலையத்துக்கு முதல் தகுதி, நிற்காமல் ஓடுவது.

பாட்டி காட்டிய பாறை

இனி ஒரு சிறு கதை. இதில் வருபவர்கள் கற்பனை. கணக்கு உண்மை.

உத்தராகண்ட் மாநிலத்தில் இமயமலைச் சரிவில் ஒரு கிராமம். அந்த மலைகள் பூகம்பத்தை நன்றாக அறியும். 1991 அக்டோபர் 20-ஆம் தேதி உத்தரகாசியில் வந்த பூகம்பத்தில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1999 மார்ச் 29-ஆம் தேதி சமோலியில் வந்த பூகம்பத்தில் சுமார் 100 பேர் இறந்தார்கள்.

அந்தக் கிராமத்துக்கு ஒரு பெண் பொறியாளர் வந்தார். நிலையம் வைக்க இடம் தேடினார். விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டி அவரை நிறுத்தினார்.

"என்ன மகளே தேடுகிறாய்?"

"பூகம்பத்தை அளக்கும் பெட்டி வைக்க இடம் தேடுகிறேன், அம்மா."

பாட்டியின் முகம் மாறியது. "அந்தப் பெட்டி வைத்தால் பூகம்பம் வருமாமே? ஊரில் பேசிக்கொள்கிறார்கள்."

பொறியாளர் சிரிக்கவில்லை. "பயப்படாதீர்கள், அம்மா. நர்ஸ் கையில் காய்ச்சல் பார்க்கும் கருவி இருக்கிறது. அதனாலா காய்ச்சல் வருகிறது? இது பூமியின் நாடி பார்க்கும் பெட்டி. அவ்வளவுதான்."

பாட்டிக்கு அது சரியாகப் பட்டது. "அப்படியானால் கீழே ஓடைப் பக்கம் வை. அங்கே தண்ணீரில் ஓடும் மாவு அரைக்கும் கல் இருக்கிறது. எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். யாரும் திருட மாட்டார்கள்."

"அரைக்கும் கல் சுற்றும்போது நிலம் அதிரும், அம்மா. ஓடையும் அதிரச் செய்யும். கருவிக்கு அது சந்தைக் கூச்சல் மாதிரி. அந்தக் கூச்சலில் தூரத்துப் பூகம்பத்தின் மெல்லிய சத்தம் கேட்காது."

"மேலே பெரிய தேவதாரு மரம் இருக்கிறதே, அதன் நிழலில்?"

"காற்று அடித்தால் மரம் ஆடும். வேர் வழியாக நிலமும் ஆடும். நிழலில் சோலார் தகடும் வேலை செய்யாது. அதோ, அந்தப் பெரிய பாறை எப்படி?"

பாட்டி தலையை அசைத்தார். "அது வேண்டாம். என் மாமனார் காலத்தில் ஒரு மழையில் மேலிருந்து உருண்டு வந்த பாறை அது. அடியில் வெறும் மண். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு பாறை இருக்கிறது. அது மலையோடு பிறந்தது. கடப்பாறை போட்டால் கணீரென்று கேட்கும்."

பொறியாளர் நின்று பாட்டியைப் பார்த்தார். உருண்டு வந்த பாறை தனியாக ஆடும். அதன் மேல் வைத்த கருவி தப்பான செய்தி சொல்லும். மலையோடு ஒட்டிய தாய்ப்பாறைதான் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். பாட்டி சொல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆகியிருக்கும்.

"அந்தப் பாறையையே காட்டுங்கள், அம்மா" என்றார்.

வரவு செலவுக் கணக்கு

பாறையைப் பார்த்துவிட்டு இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். பொறியாளர் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"என்ன கணக்கு?"

"குடும்பக் கணக்கு மாதிரிதான், அம்மா. வெயில்தான் வரவு. கருவி சாப்பிடும் மின்சாரம் செலவு. பேட்டரி சேமிப்பு."

முதலில் செலவைப் பார்த்தார்கள்.

நிலத்தின் அசைவை உணரும் கருவி: அரை வாட்.
எண்களைப் பதிந்து வைக்கும் கருவி: 1 வாட்.
நேரம் காட்டும் கருவியும் செய்தி அனுப்பும் கருவியும் சேர்ந்து, சராசரியாக: அரை வாட்.
மொத்தம்: 2 வாட்.

"இரண்டு வாட்டா? அது சின்ன விளக்குக்குக்கூடக் காணாதே!"

"ஆமாம். ஆனால் விளக்கை அணைக்கலாம். இதை அணைக்க முடியாது. 24 மணி நேரமும் ஓட வேண்டும்."

2 × 24 = 48. ஒரு நாளைக்கு 48 வாட்-மணி செலவு.

அடுத்தது சேமிப்பு. மழைக்காலத்தில் மேகம் மூடும். குளிர்காலத்தில் பனி கொட்டும். தொடர்ந்து 10 நாள் வெயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 48 × 10 = 480 வாட்-மணி சேமிப்பு வேண்டும். பேட்டரி 12 வோல்ட். 480-ஐ 12-ஆல் வகுத்தால் 40. இது ஆம்பியர்-மணிக் கணக்கு. பேட்டரியின் மேல் 'ஏ.எச்.' என்று போட்டிருப்பது இதைத்தான்.

"அப்படியானால் 40 ஏ.எச். பேட்டரி போதுமா?"

"போதாது, அம்மா. குதிரில் உள்ள நெல்லை எல்லாம் தின்றுவிட்டால் விதைக்கு என்ன செய்வது? ஈய பேட்டரியை அடிவரை காலி செய்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே இரண்டு மடங்கு, 80. குளிரில் பேட்டரியின் பலம் குறையும். அதற்கும் சேர்த்து 100 ஏ.எச். வாங்க வேண்டும்."

கடைசியாக வரவு. எந்த மாதத்தில் வெயில் குறைவோ அந்த மாதத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். சித்திரை வெயிலை நம்பித் தை மாதத்துக்குத் திட்டம் போடக் கூடாது. வெயில் குறைந்த மாதத்தில் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூசி, சாய்வு, பேட்டரியில் ஏறும்போது வீணாவது எல்லாம் போகப் பாதிதான் கைக்கு வரும்.

30 வாட் தகடு வைத்தால்: 30 × 3 = 90. அதில் பாதி 45. செலவோ 48. தினமும் 3 வாட்-மணி கடன். சிறு கடன்தான். ஆனால் தினமும் சேரும். ஒரு நாள் பேட்டரி தீரும். நிலையம் சத்தம் இல்லாமல் நின்றுவிடும்.

60 வாட் தகடு வைத்தால்: 60 × 3 = 180. அதில் பாதி 90. செலவு 48 போக மிச்சம் 42. பத்து நாள் மேகத்தில் செலவான 480-ஐயும் சுமார் 12 நாளில் திருப்பிச் சேர்த்துவிடலாம்.

"அப்போது 60 வாட்தான்" என்றார் பாட்டி. "கடன் இல்லாத வீடுதான் நிம்மதியாகத் தூங்கும்."

எல்லாவற்றையும் அனுப்ப வேண்டுமா?

பாட்டிக்கு ஒரு சந்தேகம். "பெட்டிக்குத் தெரிந்தது டில்லிக்கு எப்படிப் போகும்?"

"செயற்கைக்கோள் வழியாக அனுப்பலாம். ஆனால் அதற்கான கருவியை எப்போதும் ஓட விட்டால் அது மட்டுமே 30 வாட் தின்னும். மொத்தம் 32 வாட் ஆகிவிடும். 2 வாட் எங்கே, 32 வாட் எங்கே? 16 மடங்கு! ஒரு பேட்டரிக்குப் பதில் 16 பேட்டரி வேண்டும். ஒன்று சுமார் 30 கிலோ. 16 பேட்டரி 480 கிலோ. ஒரு கோவேறு கழுதை இரண்டு பேட்டரி சுமக்கும் என்றாலும் எட்டுக் கழுதைகள் இந்த மலை ஏற வேண்டும்."

"அப்படி என்றால்?"

"தேவையானதை மட்டும் அனுப்பலாம். கடந்த ஒரு நொடியில் எவ்வளவு அசைவு, கடந்த அரை நிமிடத்தில் சராசரியாக எவ்வளவு அசைவு என்று பெட்டியே ஒப்பிட்டுப் பார்க்கும். திடீரென்று பல மடங்கு கூடினால் விழித்துக்கொள்ளும். அந்தப் பகுதியை மட்டும் செல்போன் கோபுரம் வழியாகவோ ரேடியோ வழியாகவோ அனுப்பும். மற்ற நேரம் அனுப்பும் கருவி தூங்கும். எல்லா எண்களும் உள்ளே ஒரு சிறிய அட்டையில் பத்திரமாக இருக்கும். மாதம் ஒருமுறை அந்த அட்டையை மாற்றுவோம்."

"எருமை பக்கத்தில் ஓடினால்?"

"பெட்டி ஏமாந்து செய்தி அனுப்பும். ஆனால் பக்கத்து மலைகளில் உள்ள நிலையங்கள் ஒன்றும் சொல்லாது. ஒரு சாட்சி போதாது என்று மையத்தில் விட்டுவிடுவார்கள். பல நிலையங்கள் ஒரே சமயத்தில் சொன்னால்தான் பூகம்பம்."

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முன் எச்சரிக்கை தரும் நிலையங்கள் இப்படித் தூங்க முடியாது. அவை ஒவ்வொரு நொடியும் செய்தி அனுப்ப வேண்டும். அதனால் மின்சாரம் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் அவற்றை வைப்பது நல்லது. எந்த வேலைக்கு எந்த நிலையம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது பெட்டிக்கும் பொருந்தும்.

நேரமும் சரியாக இருக்க வேண்டும். கடிகாரம் ஒரு நொடி தப்பினால் முதல் அலையின் கணக்கில் 6 கிலோமீட்டர் தப்பிப்போகும். ஆகவே செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் ஜி.பி.எஸ். கருவி உண்டு. அதையும் அவ்வப்போது விழித்து நேரத்தைச் சரிபார்க்கும்படி வைத்தால் மின்சாரம் மிச்சம்.

நிலையம் எழுந்தது

தாய்ப்பாறையின் மேல் குழி எடுத்தார்கள். சிமெண்டு மேடை போட்டார்கள். மேடை பாறையோடு ஒட்டியிருந்தது. கருவியை அதன் மேல் மட்டம் பார்த்து, வடக்கு பார்த்து வைத்தார்கள். வெயிலும் குளிரும் கருவியைப் பாதிக்காமல் சுற்றிலும் தெர்மோகோல் வைத்தார்கள். மேலே மூடி. தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால். மின்னல் தாக்காமல் இருக்க இடிதாங்கி. எலி கடிக்காமல் இருக்க ஒயர் முழுவதும் இரும்புக் குழாய்க்குள்.

சோலார் தகட்டின் கம்பத்தைக் கருவிக்குப் பக்கத்தில் நடவில்லை. சற்றுத் தள்ளி நட்டார்கள். காற்றில் கம்பம் ஆடினாலும் கருவிக்குத் தொல்லை இல்லை. தகட்டைத் தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சாய்த்தார்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருக்கும். சாய்வு கூடினால் அந்த வெயில் நன்றாக விழும். பனியும் வழுக்கி விழும்.

எல்லாம் முடிந்தது. பொறியாளர் ஊர் மக்களிடம் சொன்னார்: "இவ்வளவு செய்தும் நிலையம் நிற்கலாம். வாரக்கணக்கில் பனி மூடினால் போதும். யாராவது பேட்டரியைக் கழற்றினால் போதும். பூகம்பம் வரும் நாளில் பெட்டி தூங்கிக்கொண்டிருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆள் வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும்."

யாரும் பேசவில்லை. பாட்டி மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"போன வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்து கோணலாக இருக்கும். பரவாயில்லையா?"

"தேதியும் உண்மையும் இருந்தால் போதும், அம்மா."

இன்று அந்த நோட்டில் பல பக்கங்கள் நிறைந்துவிட்டன. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஞாயிறு. பச்சை விளக்கு எரிகிறது. தகட்டில் பனி. துடைத்தேன். வேலிக்குள் ஆடு வந்தது. விரட்டினேன்."

எது முடியும்? எது முடியாது?

நாளை இத்தனை மணிக்குப் பூகம்பம் வரும் என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஆனால் பூகம்பம் எங்கே வந்தது, எவ்வளவு பெரியது என்று சில நிமிடங்களில் சொல்ல முடியும். மீட்பு வேலை எங்கே தேவை என்று உடனே தெரியும். பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்தால் எந்தப் பகுதியில் ஆபத்து அதிகம் என்று தெரியும். அங்கே எவ்வளவு வலுவான வீடு கட்ட வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்ல முடியும். பூகம்பம் நம் கையில் இல்லை. வீட்டின் உறுதி நம் கையில் இருக்கிறது. கில்லாரியில் பெரும்பாலோரைக் கொன்றது இடிந்து விழுந்த வீடுதான்.

தூரத்தில் உள்ள நிலையம் நமக்கும் உதவும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூகம்பம் வந்தது. சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சுனாமி தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. பூகம்ப நிலையங்கள் தரும் செய்தியிலிருந்துதான் அதன் வேலை தொடங்குகிறது.

ஆளில்லாத இடத்தில் ஒரு வேலிக்குள் தகடும் பெட்டியும் கண்டால் தொடாதீர்கள். பக்கத்தில் குழி வெட்டாதீர்கள், மாடு கட்டாதீர்கள். தகடு உடைந்திருந்தால் ஊராட்சிக்குச் சொல்லுங்கள். அது நமக்காக விழித்திருக்கும் காவல்காரன்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு நிலையம் 3 வாட் செலவழிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை வாட்-மணி?
2. இரண்டு அலைகளுக்கு நடுவே 6 நொடி. பூகம்பம் ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் வந்தது?
3. உங்கள் வீட்டில் 5 வாட் சோலார் விளக்கு தினமும் 4 மணி நேரம் எரிகிறது. ஒரு நாள் செலவு எவ்வளவு?

விடைகள்: 1) 72 வாட்-மணி. 2) 48 கிலோமீட்டர். 3) 20 வாட்-மணி.

கலந்து பேசுங்கள்

1. பாட்டி உருண்டு வந்த பாறையை வேண்டாம் என்றது ஏன்? உங்கள் ஊரில் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த இது போன்ற செய்திகள் என்னென்ன?
2. வெயில் அதிகமான மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் கட்டியது? கூரையின் கனம் எவ்வளவு? பூமி குலுங்கினால் எந்தப் பக்கம் வெளியே வருவீர்கள்?